தட்டில் வரைந்த கண்கள்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். ஏய், நீ இளித்தது போதும். கதை முடிந்ததும் தனியாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா, அப்போது பார்க்கிறேன் உன் வீரத்தை.

இரவு எட்டு மணி இருக்கும். கோயிலிலிருந்து வரும் கல்லறைச் சாலையில் அந்த மனிதர் ஒருவர்தான் நடந்து வந்தார்... என்னோடு வேலை பார்க்கிறாளே ஒருத்தி, அவளுடைய அக்கா கணவர். புனிதர் சிலைகளுக்கு வர்ணம் பூசுவது அவர் தொழில்.

மறுநாள் புனித லூசியா திருநாள். அந்தச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். முகத்தில் இரண்டு கண், கையில் ஏந்திய தட்டில் இரண்டு கண். விசுவாசத்தை விட மறுத்ததற்காகக் கண்ணைப் பறித்தார்கள், ஆண்டவர் புதுக் கண் கொடுத்தார் என்று சொல்வார்கள். பார்வை கேட்டு அவளிடம்தான் வேண்டுவார்கள்.

இவருக்கும் வேண்டுதல் இருந்தது. ஒரே மகள், சின்னப் பெண். பார்வை மங்கிக்கொண்டே வந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மற்றவர்கள் மெழுகில் செய்த கண்ணைக் காணிக்கை வைப்பார்கள். இந்த மனிதர் அன்று என்ன செய்தார் தெரியுமா? தட்டில் இருந்த பழைய கண்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே மகளின் கண்களை வரைந்தார். இடது விழியோரத்துச் சின்ன மச்சம் வரைக்கும்...

"தாயே, இதை உங்க கையில ஒப்படைச்சுட்டேன். இனி உங்க பாடு" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

வழியெல்லாம் வர்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாசனை. கையை நன்றாகக் கழுவியிருந்தார். ஆனாலும் அது கூடவே வந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் மகள் கேட்டாள்.

"அப்பா, ஏன் லைட்டை அணைச்சுட்டீங்க?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் பவனியில் சிலை முன்னால் முட்டி போட்டு அழுதார், பாவம். வீட்டுக்கு வந்தால் மகள் கட்டிலில் குதிக்கிறாள்.

"அப்பா, தெரியுது! எவ்ளோ மெழுகுவர்த்தி! எல்லாரும் என்னைப் பார்த்து முட்டி போடுறாங்க... நீங்க ஏன்ப்பா அழுதீங்க?"

அவள் அன்று கட்டிலை விட்டே இறங்கவில்லை.

திருநாள் முடிந்தால் சிலையைத் துணியால் மூடி, பின்னறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அடுத்த வருடம்தான் திறப்பார்கள். அன்று சாயங்காலமே மகள் அலற ஆரம்பித்தாள்.

"இருட்டா இருக்குப்பா... முகத்துல துணி... எடுங்கப்பா!"

பெற்ற மனசு எப்படித் தாங்கும்? கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில் பிள்ளையிடம் கெஞ்சிச் சாவியை வாங்கினார். சுரண்டுகிற கத்தியையும் எடுத்துக்கொண்டார். வரைந்ததை அழித்தால் பார்வை திரும்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

மனைவி குறுக்கே நின்றாள். "அழிச்சு, ஒரேயடியா போயிட்டா?"

அவர் இருட்டில் இறங்கிப் போனார்.

மகளின் கையைப் பிடித்தபடி அம்மா. பக்கத்தில் சித்தி, அதான் என்னோடு வேலை பார்க்கிறவள். கடிகாரம் மட்டும் டிக்... டிக்...

திடீரென்று மகள் சிரித்தாள்.

"துணி போயிடுச்சு! அப்பா தெரியறாரு... கத்தி வெச்சிருக்காரு."

கொஞ்ச நேரத்தில் மகளின் சிரிப்பு நின்றது.

"அம்மா... அப்பா பின்னாடி ஒரு அக்கா நிக்கறாங்க. அவங்களுக்குக் கண்ணே இல்லம்மா..."

"அப்பா முகத்தைத் தடவித் தடவி, 'நீ சுரண்டின என் கண்ணு எங்கே'ன்னு தேடறாங்க."