பூச்சூடாமல் இறங்கிய நாற்பத்திரண்டு மாடுகள்

இந்த அறுவடை விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஓபர்லாங் ஊராட்சித் தலைவி ஹெட்விக் அம்மையார் அவர்களே! மழையோ வெயிலோ, ஆண்டுதோறும் மந்தையை ஆசீர்வதிக்க வந்து நிற்கும் பங்குத்தந்தை அவர்களே! விடியும் முன்னே எழுந்து, கீரை உருண்டை பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போன தாய்மார்களே! கஷ்கொட்டை வறுக்கும் புகையில் கண் சிவந்து நிற்கும் பெரியவர்களே! ஊத வந்தும் ஊதாமல் உட்கார்ந்திருக்கும் எக்காளக் குழுவினரே! பேருந்து ஏறி வந்து, பூவில்லாத மாடுகளைப் பார்த்துப் புருவம் உயர்த்திய விருந்தினர்களே! அனைவருக்கும் விழாக் குழுச் செயலாளன் வென்டலினின் வணக்கம்.

பதினேழு ஆண்டுகளாக இதே மேடையில் நின்று முழங்கியிருக்கிறேன். பாலைப் பாடியிருக்கிறேன், பாலாடைக்கட்டியைப் பாடியிருக்கிறேன், மலையை வாழ்த்தியிருக்கிறேன், மந்தையை வாழ்த்தியிருக்கிறேன். இன்று எனக்குக் களைப்பாக இருக்கிறது. நல்ல வார்த்தைகளைத் தேடித் தேடிக் களைத்துப்போன களைப்பு இல்லை இது. ஓர் உண்மையை இரண்டு வாரமாகச் சுமந்து திரிந்த களைப்பு.

"பூ ஏன் வைக்கலை?" என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். கேளுங்கள் தாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்தேன்.

கோடை முழுக்க மலை மேய்ச்சலில் கிடந்த மந்தை குறையின்றித் திரும்பினால் கொம்புக்குக் கொம்பு மலர்மகுடம். ஒன்று மடிந்தாலும் மகுடம் இல்லை, மணியோசை இல்லை. ஊர் அறிந்த வழக்கம் இது. ஜூனில் மேலே போனவை நாற்பத்து மூன்று. இன்று காலை இறங்கியவை நாற்பத்திரண்டு. மணிகளின் வாயில் உலர்புல் திணித்து, ஓசையில்லாமல் நடத்தி வந்தாள் மந்தைக்காரி ஃபிலோமேனா.

இறங்காத அந்த ஒன்று யாருடையது? ரோமேட் அண்ணனுடையது. ஒரே ஒரு மாடு வைத்திருந்த மனிதர். மாட்டின் பெயர் ஸ்டெர்னா, பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. செப்டம்பர் இருபது வாக்கில் மேலே முதல் பனி விழுந்தது. ஒரே இரவில் பாறையெல்லாம் கண்ணாடி. விடிந்ததும் மந்தையை ஓடைப் பக்கம் திருப்பும்போது ஸ்டெர்னா கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. ஃபிலோமேனா கயிற்றைப் பிடித்துப் பள்ளத்தில் இறங்கினாள். அதன் மூச்சு அடங்கும் வரை தலையை மடியில் வைத்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பனி செய்த கொலை என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியோர்களே! செப்டம்பர் இருபதில் நம் மந்தைக்கு மலையில் என்ன வேலை? எட்டாம் தேதி மாதா பிறந்தநாள் முடிந்த வாரமே இறங்கிவிடும் மந்தை அல்லவா? ஏன் இறங்கவில்லை? யார் தடுத்தது? யார்?

நான் தடுத்தேன்.

ஆகஸ்டில் ஃபிலோமேனாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "அக்டோபர் முதல் சனிக்கிழமை விழா. பேருந்துகள் அன்றுதான் வருகின்றன. அதுவரை மந்தையை மேலேயே வைத்திருக்கவும்." மூன்றே வரி. கீழே என் கையெழுத்து. குழுவைக்கூட நான் கேட்கவில்லை.

முணுமுணுக்கிறீர்கள். முணுமுணுக்க வேண்டியதுதான். இன்னும் கேளுங்கள், இதைவிட வெட்கமான பகுதி பாக்கி இருக்கிறது.

நேற்று முன்தினம், நம் பெண்கள் கட்டிய மகுடங்களில் ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். குடிசை வாசலில் கறவைச் செம்பு கழுவிக்கொண்டிருந்த ஃபிலோமேனா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாங்க செயலாளரே. மூச்சு வாங்குதே, கடிதம் மட்டும் சுளுவா ஏறி வந்துச்சு?"

"ஃபிலோமேனா, நடந்தது நடந்துபோச்சு. வர்றவங்களுக்கு நாப்பத்தி மூணா, நாப்பத்தி ரெண்டான்னு என்ன தெரியும்? பூவை மட்டும் வச்சுக் கூட்டிட்டு வந்துடும்மா."

"அவங்களுக்குத் தெரியாது. ரோமேட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இந்த மாடுங்களுக்கும் தெரியும், ரெண்டு நாள் புல்லைத் தொடலை அதுங்க."

"ஊர் விழாம்மா இது!"

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பூவை நீங்க சூட்டிக்கிட்டு இறங்குங்க. நாப்பத்தி மூணுன்னு கணக்குச் சரியாயிடும்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. கூடையோடு இறங்கி வந்தேன். மூன்று மணி நேரம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பூக்கூடை கல்கூடையாகக் கனத்தது.

இன்று காலை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சதுக்கம் நிறையக் கூட்டம், ஆனால் குளம்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மந்தைக்குப் பின்னால், ஸ்டெர்னாவின் மணியைத் தன் தோளில் சுமந்து வந்தாள் ஃபிலோமேனா. நேரே ரோமேட் அண்ணனிடம் போனாள். இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குமேல் என்னால் ஒளிந்து நிற்க முடியவில்லை. போனேன். "அண்ணே, அவளை மேலேயே நிக்கச் சொல்லி எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும்டா வென்டலின்" என்றார். "கடிதம் வந்தன்னிக்கே அவ ஆள் அனுப்பிச் சொல்லிட்டா. நீயா வந்து சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு வாரம் ஆக்கிட்டியே!"

"என்னை என்ன வேணா திட்டுங்கண்ணே."

"திட்டினா அது எழுந்து வந்துடுமா? நானும்தான் சரின்னேன். பேருந்து வரட்டும், ஊர் பிழைக்கட்டும்னு நானும்தான் வாயை மூடிக்கிட்டேன். அடுத்த வருஷம் எவன் மாடும் இப்படிப் போகக் கூடாது. அதைப் போய் மேடையில சொல்லு."

சொல்கிறேன் அண்ணே! ஊர் கேட்கச் சொல்கிறேன்!

தாய்மார்களே, பெரியோர்களே! மந்தை இறங்கும் நாளை இனி மேசையில் உட்கார்ந்து எவனும் எழுத மாட்டான். வானம் பார்ப்பவள் சொல்லட்டும், பனி மோப்பம் பிடிப்பவள் சொல்லட்டும், பள்ளத்தில் இறங்கி மடி கொடுத்தவள் சொல்லட்டும்! அவள் "இறங்குகிறேன்" என்று சொல்லும் நாள்தான் நமக்கு விழா. செவ்வாயா, செவ்வாயில் விழா! மழையா, மழையில் விழா! காலையில் குழு கூடியது. தலைவி அம்மையாரும் ஒப்பமிட்டுவிட்டார்.

"பேருந்து வராதே!" என்று பின்வரிசையில் ஒரு குரல். வராமல் போகலாம் தம்பி. உருண்டை மிஞ்சலாம், பெஞ்சு காலியாகலாம், அடுத்த குளிர்காலம் நமக்குக் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கலாம். அதை மறைத்து உங்களுக்கு இனிப்பாகப் பேச இன்று எனக்குத் தெம்பில்லை. ஆனால் நாற்பத்திரண்டு போனால் நாற்பத்திரண்டும் நடந்து வரும். எனக்கு அது போதும். உங்களுக்கும் போதுமா?

கை தட்டாதீர்கள். தலையசைத்தால் போதும்.

நன்றி. சமைத்தவர்களுக்கு நன்றி, பொறுத்தவர்களுக்கு நன்றி, மலையிலிருந்து நடந்து வந்த ஃபிலோமேனாவுக்குக் காலம் உள்ளவரை நன்றி. இலையுதிர்கால வாழ்த்துகள் எல்லோருக்கும். நான் இறங்குகிறேன், என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பெஞ்சில் ரோமேட் அண்ணன் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்று எனக்காம். "பேசினது போதும், ஆறுது, வாடா" என்று கையசைக்கிறார்.

வணக்கம்.