கூடுதல் தகடு

மழை விட்ட மறுநாள் அனகாபுத்தூர் ஆற்றங்கரையில் நடப்பதாக இருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது சார். அந்தக் களிமண் காலை விடாது.

என் மகன் லாசரஸ் ராணுவத்தில் ஓட்டுநர். எண்பத்தேழில் இலங்கைக்குப் போனான். ஜீப்பின் மெல்லிய கதவைத் துளைத்து வந்த குண்டு அவனைக் கொன்றது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான், பம்மலில் உள்ள என் பட்டறைக்கு ராணுவ வண்டிகளில் இரும்புத் தகடு பொருத்தும் வேலையைக் கெஞ்சி வாங்கினேன். அவர்கள் கேட்டதைவிடக் கனமாகவே போட்டேன். கதவுக்கு, கூரைக்கு, எல்லாப் பக்கமும். போட்ட பிறகும் போதாது என்றே தோன்றும்.

அப்படித் தகடு போட்ட முதல் வண்டி தார்ச்சாலையில் நன்றாக ஓடியது. சேற்றில் அச்சுவரை இறங்கியது. சரிவில் திருப்பினால் மேல்பாரம் ஒரு பக்கமாக இழுத்தது. ஓட்டிப் பார்த்தவன் தயாளன். லாசரசோடு ஒரே பிரிவில் இருந்து ஓய்வுபெற்று, பொழிச்சலூரில் குடியிருந்தான்.

"வண்டி சாயுது சார். மேல கீற தகட்ட எடுத்துடுங்க. இல்லாங்காட்டி ஆபீசருங்க வந்தா நானே சொல்லிடுவேன்."

அவன் சொன்னது சரி. நானும் பொறியாளன்தான், எனக்குத் தெரியும். ஆனால் தகட்டை எடுத்தால் குண்டு உள்ளே வரும். அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை சார்.

மறுநாள் காலை, பாரம் தாங்கும்படி ஸ்பிரிங்கை மாற்றிவிட்டதாக அவனிடம் சொன்னேன்.

"நெசமா மாத்திட்டீங்களா சார்?"

"மாத்திட்டேன் தயாளா. கரையில குறுக்கால ஒரு தடவை ஓட்டிப் பாரு."

மாற்றவில்லை. கவிழும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். சேறு வழுக்கியது என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை.

பாதிச் சரிவில் வண்டி புரண்டு ஆற்றுக்குள் பக்கவாட்டில் விழுந்தது. ஒரு கதவு தண்ணீருக்குள். மற்றது வானத்தைப் பார்த்தபடி. கிட்டே போய் முதலில் தகடுகளைத்தான் பார்த்தேன். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

"சார், கதவ தூக்கு சார். காலு மாட்டிகினு கீது. தண்ணி ஏறுது சார்."

வெளியே வந்தால் பேசுவான். பேசினால் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் உட்கார வேண்டும்? இவன் ஒருவன்தானே சார்.

சத்தம் அடங்கியதும் கரையேறி ஆட்களைக் கூப்பிட்டேன்.

அவ்வளவு கனமான கதவை ஒற்றை ஆளால் தூக்க முடியாது என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். முடியுமா, முடியாதா என்று எனக்குத் தெரியாது. நான் அதில் கையே வைக்கவில்லை.