தண்ணீர்த் தட்டில் செம்பு

இந்த அறையின் ஏர்கானில் தண்ணீர் சொட்டுகிறது, தம்பி. வடிகால் குழாய் அடைத்திருக்கும். யாரையாவது கூப்பிட்டு ஊதி எடுக்கச் சொல்லுங்கள். விட்டால் கூரைப் பலகை ஊறிப்போய் ஒருநாள் உங்கள் மேசைமேல் விழும். முப்பத்தாறு வருடம் அந்த வேலைதான் பார்த்தேன். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், கேட்பது உங்கள் இஷ்டம்.

நான் சொல்வதை வாக்குமூலமாக இங்கிலீஷில் தட்டிவிட்டு, கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறீர்கள், ஷாஹித். இருந்தாலும் வாசிக்கும்போது கவனமாகக் கேட்பேன். நான் சொல்லாத வார்த்தை ஒன்று இருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன். 'வேண்டுமென்றே' என்று எழுதலாம். 'கோபத்தில்' என்று எழுதக்கூடாது. எனக்குக் கோபம் இருக்கவில்லை.

பெயர் தங்கராஜு. வயது அறுபத்தெட்டு. வீடு ஆங் மோ கியோ. படிப்பு பிரைமரி நாலு. ஏணியில் ஏற முழங்கால் இடம் கொடுக்காமல் போனபிறகு, பதினோரு வருடமாக அந்த மருத்துவமனையின் ஆறாம் மாடி ஆய்வுக்கூடத்தில் இன்குபேட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பெட்டி. பார்க்கக் குளிர்பதனப் பெட்டி மாதிரி இருக்கும், செய்கிற வேலை நேர்மாறு. உள்ளே எப்போதும் உடம்புச் சூடு, முப்பத்தேழு. கொஞ்சம் கேஸ் போகும். அடியில் ஒரு எஃகுத் தட்டில் காய்ச்சி வடித்த தண்ணீர் இருக்கும், ஈரம் காயாமல் இருக்க. மேல் தட்டுகளில் குப்பிகள். குப்பிக்குள் டாக்டர்கள் போட்ட செல் வளரும்.

அந்தச் சூடும் ஈரமும் செல்லுக்குப் பிடிக்கும். பூஞ்சைக்கும் பிடிக்கும். ஒரு பொட்டு உள்ளே போனால் நாலு நாளில் எல்லாக் குப்பியும் கலங்கிவிடும். அதனால் திங்கட்கிழமைதோறும் தட்டைக் கழற்றி, சுவர், கதவு ரப்பர், உள்ளே சுழலும் சின்னக் காற்றாடி எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். புதுத் தண்ணீர் ஊற்றுவேன். திரையில் ஓடும் எண்ணை நான் நம்புவதில்லை. கேஸ் எவ்வளவு என்று கையால் அளக்கிற கருவி ஒன்று உண்டு, அதை வைத்து அளந்துதான் பெட்டியை மூடுவேன்.

இதெல்லாம் எந்த ஆளும் செய்வான். நான் செய்தது இன்னொன்று. ஏர்கான் வேலையில் மிஞ்சிய செம்புக் குழாய் வீட்டில் கிடந்தது. விரல் நீளத்துக்கு வெட்டி, தட்டுக்கு மூன்று துண்டாகத் தண்ணீரில் போட்டுவைப்பேன். மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, திரும்பப் போடுவேன். செம்பு கிடக்கிற தண்ணீரில் பூஞ்சை வராது. பதினோரு வருடத்தில் என் நாலு பெட்டியிலும் ஒரு பொட்டுகூட வந்ததில்லை. முன்பிருந்த பெரிய டாக்டர், சீனர், வெளியாட்கள் வந்தால் கதவைத் திறந்து அந்தத் தட்டைக் காட்டுவார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்வார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு போன பிப்ரவரியில் டாக்டர் ருக்ஸானா வந்தார். ஃபேரர் பார்க் பக்கம் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். நன்றாகத் தமிழ் பேசும். கெட்ட பெண் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வந்த இரண்டாம் நாள் பெட்டிகளைத் திறந்து பார்த்தது.

"அங்கிள், இது என்ன, பித்தளையா?"

"செம்பு. பூஞ்சை வராது."

"யாரு சொன்னா? ஆராய்ச்சிப் பேப்பர் ஏதாவது இருக்கா?"

"பதினோரு வருஷமா வரல."

"அது நீங்க துடைக்கிற துடைப்புக்கு வரல லா. இது பேஷண்ட் உடம்புக்குப் போற செல், அங்கிள். புளியில தேச்ச பைப்ப உள்ள வைக்க முடியாது. நாளைக்கு ஆடிட்காரன் வந்து கேட்டா என்ன சொல்றது, ஆறாவது மாடியில ரசம் வைக்கிறோம்னா?"

அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு துண்டையும் டாக்டர் கையுறையோடு அள்ளி மஞ்சள் பையில் போட்டது. மஞ்சள் பைக்குள் போவதைத் திரும்ப எடுக்க முடியாது, நேரே எரிக்கப் போய்விடும்.

சரி, பூஞ்சை வரும், அப்போது தானாகப் புரியும் என்று காத்திருந்தேன். ஆறு மாதம் வரவில்லை. அதுதான் சிக்கல். வேண்டுமானால் அரைகுறையாகத் துடைத்திருக்கலாம். அப்படித் துடைக்க எனக்குக் கை வராது.

ஆகஸ்ட்டில் அந்தப் பையனைக் கொண்டுவந்தார்கள். அருண்ராஜ், இருபத்தேழு வயது, கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் தொட்டிக்குள் வேலை செய்யும்போது தீப்பிடித்து முன்னும் பின்னும் வெந்துபோயிருந்தான். மூடுவதற்கு உடம்பில் நல்ல தோல் போதாது. தொடையில் தப்பியிருந்த இடத்தில் தபால்தலை அளவுக்கு வெட்டியெடுத்து, அதிலிருந்து தோல் வளர்க்க ஆறாம் மாடிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் ஆகும். டாக்டர் ருக்ஸானா அதைப் பாதி பாதியாக இரண்டாம் பெட்டியிலும் நாலாம் பெட்டியிலும் வைத்தது. மூன்றாம் பெட்டியில் எலியின் செல். ஒன்றாம் பெட்டி காலி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவனுடைய அண்ணன் ரமணனைக் கீழே கேண்டீனில் பார்த்தேன். அவனும் இங்கேதான், கட்டுமான வேலை. என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"ஐயா, நீங்க ஆறாவது மாடியா? மேல தோல் வளக்குறாங்களாமே, நெசமா?"

"வளருது."

"எவ்ளோ வளந்திருக்கு?"

"உள்ளங்கை அளவு."

தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அவனுக்கு முதுகு ரொம்ப அகலம், ஐயா," என்றான்.

அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் அளவு கேட்பான். நானும் சொல்வேன். பொய் சொன்னதில்லை. குப்பிகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. ஏன் இரண்டாம் பெட்டி? மூன்றாம் பெட்டியை யோசிக்காமல் இல்லை. எலியின் செல்லில் பூஞ்சை வந்தால் குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவார்கள். யாரும் கூட்டம் போட்டுப் பேசமாட்டார்கள். தட்டில் முன்பு என்ன இருந்தது, ஏன் எடுத்தோம் என்று கேட்கமாட்டார்கள். ஆளுடைய தோல் என்றால் கேட்பார்கள். நாலில் இன்னொரு பாதி பத்திரமாக இருந்தது. அதனால் இரண்டு. இதில் அந்தப் பையன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய இட்லி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கம், சூடு வருகிற இடத்தில் வைத்தேன். ஆறு நாளில் கறுப்பாக முளைத்தது. என் அலமாரியில் நீங்கள் எடுத்த பை அதுதான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் இரண்டாம் பெட்டியைத் துடைத்து, தண்ணீர் மாற்றி, கேஸ் அளந்து, கடைசியில் அதில் கொஞ்சம் தட்டில் கரைத்தேன். மற்ற வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வியாழக்கிழமை குப்பிகள் கலங்கியிருந்தன. டாக்டர் ருக்ஸானா ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நான் காத்திருந்தேன். செம்பைக் கேட்கும் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அது என்ன சொன்னது தெரியுமா? கேலி இல்லை, மெதுவாகத்தான் சொன்னது.

"உங்க மேல தப்பு இல்ல, அங்கிள். நல்ல வேளை, நாலுல பாதி இருக்கு. அதுலயும் செம்பு இல்லதானே, பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. ரெண்டோட கதவு ரப்பர்தான் போயிருக்கும்."

என்னை ஆறுதல் படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்ன பேச்சு அது. ஆனால் கணக்கு சரியாக இருந்தது. செம்பு இல்லாத பெட்டி ஒன்று கெட்டது, செம்பு இல்லாத பெட்டி ஒன்று கெடவில்லை. நாலாம் பெட்டி சுத்தமாக இருக்கிற வரைக்கும் டாக்டர் சொல்வதுதான் சரி. பதினோரு வருடம் நான் தண்ணீரில் போட்டுவைத்தது வெறும் குழாய்.

வெள்ளிக்கிழமை காலை நாலாம் பெட்டியில் வைத்தேன். இந்தத் தடவை தட்டோடு விடவில்லை. காற்றாடியிலும் தடவினேன்.

அது தவிர அருண்ராஜுக்கு வேறு தோல் இல்லை என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மறுபடி வெட்டியெடுத்து வளர்க்க இன்னும் மூன்று வாரம், அவ்வளவு நாள் தாங்கமாட்டான் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரமணன் எதிரில் வந்து உட்கார்ந்தான். சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தான். நெற்றி நிறைய விபூதி. தம்பியின் பெண்டாட்டி அனிதா ஊரிலிருந்து தினமும் வீடியோவில் கூப்பிட்டு, போர்வையை விலக்கிக் காட்டச் சொல்கிறாள் என்றான். காட்ட முடியாமல், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறானாம். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான்.

"ஐயா, இந்தத் துன்னூற அந்தப் பொட்டி மேல வைக்க முடியுமா? உள்ள வேணாம். சும்மா மேல."

"கூடாதுப்பா," என்றேன். "பொடி எதுவும் பெட்டிகிட்ட வரக்கூடாது. சுத்தம்தான் அங்க முக்கியம்."

"தப்பா கேட்டுட்டேன், ஐயா. மன்னிச்சிருங்க." பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான். "உங்கள மாதிரி ஆளு பாத்துக்கிறதாலதான் தைரியமா இருக்கேன்."

அந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முன்னே ஒரு அமைச்சர் பார்க்க வந்தபோதுகூடக் காலணிக்கு உறை மாட்டாமல் உள்ளே விடவில்லை. நான் சாப்பிட்ட தட்டையும் ரமணனே எடுத்துப்போய்க் காலித் தட்டு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை நாலாம் பெட்டியைத் திறந்தார்கள். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ருக்ஸானா வெளியே போனது. நடைபாதையில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தது. கண் வீங்கியிருந்தது.

"அங்கிள், அந்தச் செம்பு... வேற இருக்கா?"

இருந்தது. புதிதாகப் பன்னிரண்டு துண்டு வெட்டி, தேய்த்து, கழுவி, பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். டாக்டரே தன் கையால் ஒவ்வொரு தட்டிலும் மூன்று மூன்றாக வைத்தது. அந்த மஞ்சள் பைக்காக மன்னிப்பும் கேட்டது. நான் பெரிதுபடுத்தவில்லை. பரவாயில்லை என்றேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை அருண்ராஜ் இறந்துபோனான். ரமணன் சவப்பெட்டியோடு ஊருக்குப் போவதற்கு முன் ஆறாம் மாடி வாசல்வரைக்கும் வந்து, நீங்கள் எல்லாம் பட்ட பாட்டுக்கு நன்றி என்று கும்பிட்டுவிட்டுப் போனான். நானும் கும்பிட்டேன்.

எழுதிவிட்டீர்களா? இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நீங்கள் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் என்னைப் பக்கம் சாய்கிற ஆள் என்று நினைப்பீர்கள். நான் எதையும் சும்மா நம்புகிறவன் இல்லை, என் செம்பையும் சேர்த்துத்தான்.

ஒன்றாம் பெட்டி காலி என்றேன் அல்லவா? இரண்டாம் பெட்டியில் வைத்த அதே திங்கட்கிழமை, அதே இட்லியிலிருந்து ஒன்றாம் பெட்டியிலும் கொஞ்சம் கரைத்தேன். ஆனால் அதில் மூன்று துண்டு செம்பைப் போட்டுவைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் இல்லையா? வியாழக்கிழமை காலை யாரும் வருவதற்கு முன்னால் திறந்து பார்த்தேன். முளைத்திருந்தது. தண்ணீரில் மட்டும் இல்லை, செம்புத் துண்டுகளின் மேலேயே கறுப்பாகப் படர்ந்திருந்தது. எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பெட்டியைப் பழையபடி மூடினேன்.

நாலாம் பெட்டியில் வைத்தது அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு நாள் முழுக்க யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த மாதம் கடையில் பழைய புளி கிடைக்கவில்லை. ஒன்றாம் பெட்டிக்கு வைத்த துண்டுகளைப் புதுப் புளியில்தான் தேய்த்திருந்தேன். புதுப் புளிக்குச் செம்பு சரியாக வெளுக்காது, தம்பி. கோளாறு அதில்தான்.