நாலடி தூரத்துக்கு ஒரு லென்ஸ்

காட்டு விலங்குகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேமராவைத்தான் விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியது லென்ஸை, ஐயா. கேமரா கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எல்லோருக்கும் சொல்வேன். என் அக்கா கணவருக்கும் சொன்னேன்.

அத்தான் நல்ல மனிதர். எதையும் என்னைவிட நன்றாகச் செய்வார். அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லவும் செய்வார். நான் காட்டில் பழியாய்க் கிடந்து எடுத்த படங்களை ஒரு விருந்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய குழாயை வெச்சுக்கிட்டு ஒளிஞ்சிருந்து எடுக்கிறதுல என்ன வீரம் இருக்கு மாப்ளே?" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரமே கடைக்கு வந்து நின்றார், தானும் படமெடுக்கப் போவதாக. நீள லென்ஸைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். உங்களுக்கு எதற்கு அது என்று கைக்கு அடக்கமான ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். அதில் தூரத்து யானையும் எறும்பாகத்தான் தெரியும். முகம் நிறைய வேண்டுமென்றால் நாலடிக்குள் போக வேண்டும் என்றேன்.

"தைரியம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இதைக் கொடுப்பேன் அத்தான்."

அது பொய்யில்லை. விலங்குகளைப் படமெடுக்கப் போகிற யாருக்கும் அதுவரை அதைக் கொடுத்ததில்லை.

கேமராவைச் சத்தமில்லாமல் இயங்கவும் வைக்கலாம். நான் சத்தத்தோடு வைத்தேன். ஃபிளாஷையும் பொருத்தினேன். எங்கே போகலாம் என்று கேட்டார். ஓடைக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு கரடி குட்டி போட்டிருந்தது. எதிர்க்கரையில் படுத்துக்கொண்டு நீள லென்ஸில் பார்த்திருக்கிறேன். வழி சொன்னேன். குட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

"உனக்குத்தான் காடு தெரியுமேடா, கூடப் போயிருக்கலாமே" என்று அக்கா அழுதாள். அவர் கூப்பிடவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

கேமரா மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது. கடைசிப் படத்தில் கரடியின் கண்ணில் வெளிச்சம் தெறிக்கிறது. மூக்கின் ஈரம்கூடத் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒன்று வாய்த்ததே இல்லை. போட்டிக்கு அனுப்பினேன், முதல் பரிசு கிடைத்தது. அதைப் பேப்பரில் பார்த்துத்தானே நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

செத்தவர் எடுத்த படத்தில் என் பெயர் எப்படி வந்தது என்கிறீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஐயா. லென்ஸ் நான் பார்த்து வைத்தது. இடமும் தூரமும் நான் சொன்னவை. வெளிச்சம் பட்டால் கரடி பாயும் என்பதும் நான் யோசித்து வைத்ததுதான். அத்தான் பட்டனை அழுத்தினார், அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் படம் என்னுடையது.