தாமல் ஏரிக்கரையில் மெக்கர் சுற்றிய ராத்திரி

ராத்திரி பதினோரு மணி தாண்டியிருக்கும். தாமல் ஏரிக்கரை. ஒரு பக்கம் நிரம்பிய ஏரி, ஒரு பக்கம் வயல், நடுவில் சேறும் சகதியுமாக ஒரு வண்டிப்பாதை. ஈ காக்கை இல்லை. மழை கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி வலுத்துக்கொண்டிருந்தது...

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது, அந்தச் சிம்னியைக் கொஞ்சம் தணியுங்கள். இது எங்கோ யாருக்கோ நடந்தது இல்லை. நம் ஆதிகேசவனின் அக்கா வீட்டுக்காரர் பரசுராமன் இருக்கிறாரே, கரண்ட் ஆபீசில் லைன் பார்க்கிறவர், அவருக்கு நடந்தது. மனிதருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் எப்போதோ பெரிய ஆபீசராகியிருப்பார்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி. சாயந்திரம் அடித்த காற்றில் தாமல் லைன் போய்விட்டது. மற்ற நாளாக இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். ஆனால் அந்தப் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டான். உள்ளே ஒரு பெண் துடித்துக்கொண்டிருக்கிறாள், டாக்டரம்மா லாந்தர் வெளிச்சத்தில் கத்தியை எடுக்கப் பயப்படுகிறார் என்றான்.

பரசுராமன் நேரே போய் யேசுதாசை எழுப்பினார். யேசுதாஸ் கம்பம் ஏறுகிறவன், சின்ன வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் பெண்டாட்டி மரியம்மாள், பிள்ளைத்தாச்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க இட்டுக்கினு போறீங்க. நீங்களே இட்டுக்கினு வந்துடணும்."

"நானாச்சு. போய்ப் படும்மா" என்றார் பரசுராமன். சொல்லிவிட்டாரே தவிர, அந்த வார்த்தை அன்று முழுக்க அவர் நெஞ்சிலேயே நின்றது.

கரை தொடங்குகிற இடத்தில் ஒரு கம்பம். அதில் இடுப்பு உயரத்தில், பூட்டுப் போட்ட ஓர் இரும்புக் கைப்பிடி. கீழே இறக்கினால் அதற்கு அப்பால் உள்ள லைன் செத்துப்போகும். மேலே தூக்கினால் உயிர் வந்துவிடும், பதினோராயிரம் வோல்ட். பரசுராமன் அதை இறக்கிப் பூட்டினார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பிறகு சைக்கிள் கேரியரிலிருந்து மெக்கரை இறக்கினார்.

மெக்கர் என்றால் ஒன்றுமில்லை. டிபன் கேரியர் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பக்கவாட்டில் சுற்றுகிற பிடி, மேலே கண்ணாடிக்குள் ஒரு முள். ஓர் ஒயரை மூங்கில் கழியின் கொக்கியால் மேலே கம்பியில் மாட்ட வேண்டும். இன்னொன்றைத் தரையில் அடித்த முளையில் கட்ட வேண்டும். பிடியைச் சுற்றினால், லைன் சுத்தமாக இருக்கிறபோது முள் அந்தப் படுத்த எட்டு மாதிரி ஒரு குறி இருக்குமே, அங்கே போய் நிற்கும். மரக்கிளையோ மனிதனோ கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பொத்தென்று சைபரில் விழும். மழை வந்தால் பரசுராமன் முதலில் அதற்குத்தான் ரெக்சின் போர்த்துவார். அது அவருடைய இரண்டாம் பெண்டாட்டி என்று ஆபீசில் கேலி செய்வார்கள்.

சுற்றினார். சைபர். ஏதோ தொடுகிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு மின்னல். தூரத்தில், மதகைத் தாண்டிய கம்பத்தில், ஒரு பனைமட்டை கம்பிமேல் சரிந்து கிடந்தது தெரிந்தது. அது அர்ஜுனன் செத்த கம்பம்.

அர்ஜுனன் அதே ஆபீஸ்தான். சில வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, "எறங்கிட்டேன், போடு" என்று இருட்டில் யாரோ குரல் கொடுத்தார்கள். கைப்பிடியில் நின்றவன் நம்பித் தூக்கிவிட்டான். அர்ஜுனன் அப்போது மேலேதான் இருந்தான். குரல் கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த ஆபீசில் ஒரு வழக்கம். கூப்பிட்டுச் சொன்னால் செல்லாது, டார்ச் காட்டினால் செல்லாது. இறங்கினவன் நடந்து வந்து, கைப்பிடியில் இருப்பவன் கைமேல் தன் கையை வைக்க வேண்டும். வைத்தால்தான் லைன்.

யேசுதாஸ் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். "ண்ணா, நான் வந்து கை வெக்கற வரிக்கும் தொடாத."

"எனக்கே சொல்றியாடா? போ."

பரசுராமன் கழியால் பூமிச் சங்கிலியையும் கம்பியில் மாட்டிவிட்டார், தப்பித்தவறி கரண்ட் வந்தால் தரைக்குப் போய்விடும். யேசுதாசின் டார்ச் வெளிச்சம் கரைமேல் சின்னதாகிக்கொண்டே போய், மதகுக்கு அப்பால் நின்றது. பிறகு மழை அதை மறைத்துவிட்டது.

காத்திருந்தார். மழையில் முழுக்க நனைந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. தவளைச் சத்தம் காதைப் பிய்த்தது. ஏரித் தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தம்... சளப்... சளப்...

திடீரென்று தவளைகள் நின்றுபோயின.

சேற்றில் காலடி. இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"டார்ச் எங்கடா?"

"அவிஞ்சிடுச்சுண்ணா. மட்டைய எடுத்தாச்சு. போடு."

யேசுதாஸ் குரல்தான். பரசுராமனுக்கு அப்பாடா என்றிருந்தது. சங்கிலியைக் கழற்றிக் காலடியில் போட்டார். பூட்டைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் கைமேல் உட்கார்ந்தது. வழக்கப்படி எல்லாம் சரி. முடி தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம் மட்டும் லேசாக அடித்தது...

தூக்கியிருப்பார். ஆனால் மெக்கர் சுற்றாமல் அவர் ஒருநாளும் லைன் போட்டதில்லை. "ஒரு சுத்து சுத்திடறேன், இரு" என்று குனிந்து பிடியைச் சுற்றினார். கிர்ர்ர்... ரெக்சினுக்குள் தன் டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

சைபர்.

சங்கிலியை எடுக்கவில்லையோ என்று பார்த்தார். காலடியில் கிடந்தது. கொக்கி சரி. முளை சரி. மறுபடி சுற்றினார். சைபர். ஆனால் முள் அசையாமல் நிற்கவில்லை. லேசாக ஏறியது... விழுந்தது... ஏறியது... விழுந்தது.

மட்டை தொட்டால் முள் இப்படி ஆடாது. ஆபீசில் புதிதாகச் சேருகிற பையன்களிடம் இரண்டு ஒயரையும் பிடிக்கக் கொடுத்து, சுற்றிவிட்டுச் சிரிப்பார்கள். வெடுக்கென்று குத்தும். கை இறுகினால் முள் விழும். தளர்ந்தால் ஏறும். நடுங்குகிற கை என்றால் முள்ளும் நடுங்கும். இதே மாதிரிதான்.

அங்கே ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால்... பின்னால் நிற்பது?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொட்டுகிற மழை. தன் கை தொப்பலாக நனைந்திருக்கிறது. அதன்மேல் வந்து உட்கார்ந்த கை காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

"இன்னாண்ணா பாத்துக்கினு இருக்கிற? ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு கத்துதுபா. போடு."

ஆஸ்பத்திரி விஷயத்தை அவர் யேசுதாசிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவசரப்படுவான் என்று விட்டிருந்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடி பூட்டில்லாமல் இருக்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. பாய்ந்து அதைப் பிடித்தார். அது ஏற்கெனவே மெல்ல... மெல்ல... மேலே போய்க்கொண்டிருந்தது.

முழு உடம்பையும் போட்டுக் கீழே அழுத்தினார். கீழேயிருந்து எதுவோ தூக்கியது. இரும்பு கிறீச்சிட்டது. "மரியம்மாளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கிறேன்டா!" என்று அலறினார். யாரைப் பார்த்து அலறினார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. கைப்பிடி சடக்கென்று கீழே இறங்கியது. பூட்டினார். சாவியை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டார். சங்கிலியைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார். ஓடினார்.

கரை நெடுக அந்தக் குரல் கூடவே வந்தது. கத்தவில்லை. காதோரமாக, அதே யேசுதாஸ் குரலில். போடுண்ணா... போடுண்ணா... மதகு வந்ததும் நின்றுவிட்டது.

கம்பத்தடியில் பனைமட்டை கிடந்தது. பக்கத்தில் யேசுதாசின் டார்ச், எரிந்துகொண்டே சேற்றில் கிடந்தது. அதை எடுத்து மேலே அடித்தார். யேசுதாஸ் பெல்ட்டில் சாய்ந்து நின்றிருந்தான். வலது கை கம்பியைப் பிடித்திருந்தது.

"டேய் யேசு!"

யேசுதாஸ் குனிந்து அவரைப் பார்த்தான். பிறகு தன் பக்கத்தில் பார்த்தான். மறுபடி கீழே பார்த்தான்.

"எறங்குடா!"

இறங்கினான். அவன் தோளைப் பிடித்த பிடி விடாமல் பரசுராமன் கரை முழுக்க நடத்தி அழைத்து வந்தார். சங்கிலியை எடுத்துவிட்டு மெக்கர் சுற்றினார். முள் நேராகப் படுத்த எட்டில் போய் நின்றது. யேசுதாஸ் கையை வைத்தான். சில்லென்று, சொட்டச் சொட்ட நனைந்த கை. பரசுராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. கைப்பிடியைத் தூக்கினார். தூரத்தில் ஆஸ்பத்திரி ஜன்னல் மஞ்சளாக எரிந்தது.

இரண்டு பேரும் சைக்கிளில் ஊர் திரும்பினார்கள். யேசுதாஸ் வீட்டுத் தெரு திரும்பியது. வாசலில் மரியம்மாள் விளக்கோடு நிற்பது தெரிந்தது. அவளைக் கண்ட பிறகுதான் பரசுராமனுக்குக் கோபப்படவே தெம்பு வந்தது.

"மட்டைய எடுத்தவன் ஏண்டா எறங்கல? எதுக்குக் கம்பியப் புடிச்சுக்கினு இருந்த?"

யேசுதாஸ் சைக்கிளை நிறுத்தினான்.

"இன்னாண்ணா இப்படிக் கேக்கற? எறங்கப் போனவன நீதானே ஏறி வந்து நிறுத்தின? விடாதடான்னு என் கையக் கம்பி மேல வெச்சு அழுத்திக்கினே இருந்தியே. அவ்ளோ மழையில உன் கை மட்டும் காஞ்சு கெடந்துச்சு..."

"அப்புறம் கம்பி வெடுக்குன்னு குத்திச்சு. ரெண்டு தரம். மெக்கர் சுத்தறாங்கன்னு தெரிஞ்சுது. அப்பத்தாண்ணா எனக்கு பயம் வந்துச்சு. நீ இங்க என் பக்கத்துல இருக்கிறியே... அங்க சுத்தறது யாருன்னு."