அக்கரை நிலையத்துக்கு ஓர் ஆள்

பெருநகரத் தீயணைப்புத் துறையின் திட்டப் பிரிவில் ஆண்டாண்டுக் காலம் அரும்பணி ஆற்றி, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும், எங்கள் அன்புக்கும் ஓரளவு அச்சத்துக்கும் உரிய அம்மையாரே!

வீதிக்கேற்ற வண்டியும், வண்டிக்கேற்ற வீரரும், வீரருக்கேற்ற விடுப்பும் வகுத்தளித்த வித்தகியே! குழாயின் நீளம் குறைந்தால் கொதிப்பும், கூட்டத்தின் நீளம் கூடினால் கொட்டாவியும் கொள்ளும் குணக்குன்றே! காகிதத்தில் மட்டுமே பணியாற்றும் கண்ணியவான்களைக் கணக்கிலிருந்து கருணையின்றிக் கழித்த கண்டிப்பின் கலங்கரை விளக்கமே! வணக்கம்.

இதே தரத்தில் இன்னும் ஒரு பக்கம் அடைமொழிகள் கைவசம் இருக்கின்றன. முன்னாள் இயக்குநர் ஓய்வு பெற்றபோது தாமே எழுதிக் கொடுத்து எங்களை வாசிக்கச் சொன்னவை. அளவெடுக்காமல் தைத்த சட்டை போல எவருக்கும் பொருந்துபவை. அவற்றைத் தங்களுக்குச் சூட்டினால், யாரைச் சொல்கிறார்கள் என்று தாங்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். உண்மையைச் சொல்லிப் புகழ்ந்தாலோ, தரையில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொள்வீர்கள். ஆகவே, வேறு யாரோ ஓர் அம்மையாரின் கதையைக் கேட்பது போல இதைக் கேட்டுக்கொள்ள வேண்டுமென்று பணிந்து, மேலே சொல்கிறோம்.

அந்த அம்மையாருக்குத் துறையில் ‘ஆள் எங்கே அம்மா’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. எந்தக் கூட்டமானாலும், எல்லாரும் பேசி முடித்துத் தேநீர் வருகிறதா என்று கதவைப் பார்க்கும் நேரத்தில், அவர் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். நகரத்தின் தென்கோடியில் புதிய நிலையம் திறப்பு விழாவுக்குத் தயாரானபோது, வாசல் வளைவின் வனப்பை ஒருவரும் கொடிக்கம்பத்தின் உயரத்தை இன்னொருவரும் வருணித்து அமர்ந்தார்கள். “வண்டி நிக்க இடம் ரொம்ப நல்லா இருக்கு சார். வண்டியில ஏற ஆள் எங்கே?” என்றார் அம்மையார். ஆள் அடுத்த நிதியாண்டில் வருவார் என்றார்கள். தீயும் அடுத்த நிதியாண்டில்தான் வருமா என்று அவர் வாயால் கேட்கவில்லை, முகம் கேட்டது.

ஒரு வண்டி புறப்பட வேண்டுமானால் ஓட்டுநரோடு சேர்த்து ஐந்து பேர் வேண்டும். நால்வர் இருந்தாலும் வண்டி போகும். ஆனால் புகைக்குள் நுழைகிறவருக்கு வெளியே துணை நிற்க ஆள் இருக்காது. அம்மையாரின் வேலை முழுவதும் இந்த ஒரு கணக்குக்குள் அடக்கம். நகரத்தின் அத்தனை நிலையங்களிலும் யாருக்கு முழங்கால் வலி, யாருடைய மச்சினனுக்குக் கல்யாணம், யார் தன் மாமியாரை இரண்டாம் முறையாகச் சாகடித்து விடுப்புக் கேட்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. “போன தடவை போன மாமியாருக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று விசாரித்துவிட்டு, விடுப்பையும் கொடுத்துவிடுவார். பொய் சொல்லி விடுப்புக் கேட்கிறவனுக்கு உண்மையிலேயே விடுப்பு தேவைப்படுகிறது என்பது அவர் கட்சி.

தவறே செய்யாதவர் என்று சொன்னால் இந்த மடலுக்கு அடுக்காது. நம் துறையின் உயரமான ஏணி வண்டியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டு வாங்கியவர் அவரேதான். அது வந்த அன்று குழந்தை போல ஒருமுறை சுற்றி வந்தார். நகரத்தின் பாதித் தெருக்களில் அது திரும்பாது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஏணி முதன்முதலில் விண்ணை நோக்கி நீண்டது, இயக்குநரை வரவேற்கும் பதாகையைக் கட்டுவதற்கு. அன்று முழுவதும் அம்மையார் சன்னல் பக்கம் போகவில்லை.

அவருடைய கணவரும் நம் துறைதான். பம்ப் வண்டி ஓட்டுநர். மனைவியைவிட இரண்டு வயது இளையவர் என்பது அந்த வீட்டில் விருந்தினர் முன் பேசப்படாத செய்தி. அவருக்கு இன்னும் பணிக்காலம் மிச்சமிருப்பதை விளக்க வேண்டியிருந்ததால் மேடையில் சொல்லிவிட்டோம், பொறுத்தருள்க.

பணிப்பட்டியல் போடும் நாற்காலியில் அம்மையார் அமர்ந்த முதல் நாள், அன்றைய இயக்குநர் எல்லார் முன்னிலையிலும், “இனிமே உங்க வீட்டுக்காரருக்கு நல்ல காலம்தாம்மா” என்று சிரித்தார். தம் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தீயணைப்பு வீரர்கள் சிலரை நிரந்தரமாக நிறுத்தியிருந்தவர் அவர். அந்த ரோசாச் செடிகள் ஒருநாளும் தீப்பிடித்ததில்லை. ஆகவே சலுகையின் ஆபத்துகளை நன்கு அறிந்தே பேசினார். மற்றவர்கள் கூடச் சிரித்துவிட்டு மறந்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை, மறக்கவும் இல்லை. அன்று மாலையே கணவரின் பெயரை, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய நிலையத்திலிருந்து எடுத்து, ஆற்றுக்கு அப்பால் யாரும் போக விரும்பாத அக்கரை நிலையத்தில், யாரும் கேட்டு வாங்காத இரவு முறையில் போட்டார்.

கணவர் பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார். இல்லை என்றார் அம்மையார். அப்படியானால் யார் மேல் என்று கேட்டார். “கொஞ்ச நாளைக்குத்தாங்க” என்று மட்டும் சொன்னார் அம்மையார். கொஞ்ச நாள் என்பது நம் அலுவலகங்களில் ஓர் அளவு அன்று, ஓர் ஆறுதல்.

அக்கரை நிலையத்தின் பம்ப், நம்மில் பலரைவிட மூத்தது. உறிஞ்சு குழாயை ஆற்றில் இறக்கியதும் இருமும். பிடி சற்றுத் தவறினால் உறிஞ்சிய நீரையெல்லாம் ஓட்டுநர் முகத்திலேயே உமிழும். புதிய பம்ப் வேண்டுமென்று ஒவ்வோர் ஆண்டுத் திட்டத்திலும் அம்மையார் எழுதினார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலும் ஒவ்வோர் ஆண்டும் எழுத்துப் பிழை இல்லாமல் வந்தது. கணவரோ கோபக்கார மாமனாரைச் சமாளிக்கும் மருமகன் போல அதன் போக்குக்குப் போய், அதன் மனத்தைப் பிடித்துவிட்டார். ஊர் வாய் ஓய்ந்திருக்கும், இனி அவரை இக்கரைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று அம்மையார் துணிந்தபோது, அக்கரையில் அந்தப் பம்பை அவரைப் போல இயக்க வேறு ஆள் இல்லாமல் போயிருந்தது. நேர்மைக்காகப் போட்ட பூட்டு, தேவைக்காகத் திறக்க மறுத்தது.

காலையில் கணவர் திரும்பி வரும் பேருந்தில்தான் அம்மையார் அலுவலகம் போக வேண்டும். முன்கதவில் அவர் இறங்குவார். பின்கதவில் இவர் ஏற வேண்டும். பேருந்து நிற்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் ஒரு குடும்பத்தை நடத்தினார்கள். அடுப்பு சரியாக எரியவில்லை, பெண்ணுக்கு இருமல், தயிர் மேல்தட்டில், இரவு எங்கே தீ, கையில் என்ன காயம், ஒன்றுமில்லை, காட்டுங்கள், ஒன்றுமில்லை என்கிறேனே. பேருந்து ஓட்டுநர் கதவை மூடாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். “என்னம்மா, பேசி முடிச்சாச்சா, மூடட்டுமா?” என்பார். ஒருநாளும் பேசி முடித்திருக்கவில்லை. ஆனாலும் மூடச் சொல்லிவிட்டு ஏறுவார் அம்மையார். அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர்கள் பெண் பள்ளிக்கூடத்தில் கட்டுரையே எழுதினாள். பரிசும் கிடைத்தது.

பரிசளிப்பு விழாவுக்காக மாதங்களுக்கு முன்பே கணவருக்கு அன்றைக்கு ஓய்வு போட்டிருந்தார் அம்மையார். பட்டியலில் அவர் செய்த ஒரே சலுகை அது. அன்று மதியம், அக்கரையில் மாற்று ஓட்டுநர் மாடிப்படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். அம்மையார் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்.

“யாரு?”

“தலைமை அலுவலகம்.”

“அலுவலகமா, என் பொண்டாட்டியா?”

“ரெண்டும்தான். அக்கரைக்கு டிரைவர் இல்லைங்க.”

“சட்டை இஸ்திரி போட்டுத் தயாரா இருக்கு” என்றார்.

“தெரியும். நான்தானே போட்டேன்.”

விழாவுக்கு அம்மையார் தனியாகப் போனார். பெண் மேடையிலிருந்து பார்த்த திசையில், அம்மாவுக்குப் பக்கத்தில் அம்மாவின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

மாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டு மாடியிலிருந்து ஆறு தெரியாது. ஆனால் அக்கரை வண்டியின் சங்கொலி கேட்கும். தொண்டை கட்டிய அந்த ஒலியை நகரத்தின் எந்த இரைச்சலிலும் அம்மையார் பிரித்தறிவார். கேட்டதும் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும். எந்தத் திசை, எவ்வளவு தூரம், பாலத்தைத் தாண்டியதா என்று காது அதன் பின்னாலேயே போகும். பிறகு ஒன்றும் இருக்காது. போகும்போதுதான் நம் வண்டிகளுக்குச் சங்கு. திரும்பி வரும்போது சத்தமே கிடையாது. வந்துவிட்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மற்ற வீரர்களின் மனைவிமாருக்கு அந்த வசதி இல்லையே என்று அம்மையார் ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் பேருந்தின் முன்கதவில் கால் தெரியும்வரை அவர் வண்டி திரும்பாத வண்டிதான்.

சென்ற மாதம் தம் கடைசிப் பணிப்பட்டியலை அவர் எழுதினார். அலுவலகமே அந்த மேசையைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கரை, இரவு என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்த கணவரின் பெயரை அழித்தார். கட்டம் வெறுமையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே பெயரை மறுபடி, அழித்த தடம் தெரியாமலிருக்க அழுத்தி எழுதினார்.

இக்கரை நிலையத்தின் மீசை டிரைவருக்கு மனம் கேட்கவில்லை. “இப்பவாவது மாமாவை இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்துடுங்களேன்க்கா” என்றார்.

“கூட்டிட்டு வரலாம். அந்த பம்ப்பை யாரு பார்ப்பாங்க? நீ பார்ப்பியா?”

மீசை, மீசையைத் தடவினார். இனிமேல் பகலெல்லாம் தூங்குகிற மனிதருக்காகச் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லி அம்மையார் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் யாருக்கும் அன்று தேநீர் இறங்கவில்லை.

அடுத்த ஓய்வு நாளில் மீசை டிரைவர் அக்கரைக்குப் போனார். பம்ப் அவரைத் தலைமுதல் கால்வரை குளிப்பாட்டி அனுப்பியது. மீசை இருந்த இடத்தில் இரண்டு ஈர நூல்கள் தொங்கின. அதற்கடுத்த ஓய்வு நாளிலும் போனார். பம்பை அதட்டிப் பார்த்தார். “அதட்டாதேப்பா, அதட்டினா அது கேக்காது. வீட்டுல நான் எப்படி இருக்கேனோ, அப்படி இரு” என்று பக்கத்தில் நின்ற கணவர் சொல்லிக்கொடுத்தார். பணிவு கைகூடியதும் தண்ணீர் வந்தது. பிறகு வடக்கு நிலையத்து இரட்டையரில் மூத்தவர் போனார். சந்தை நிலையத்துச் சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரர் போனார். திட்டப் பிரிவில் யாரும் ஒன்றும் அறியாத முகத்தோடு கோப்பு புரட்டினோம். அம்மையாரின் கண்ணில் படாமல் இந்தத் துறையில் நடந்த ஒரே ஆள் நடமாட்டம் இதுதான்.

அம்மையாரே! கதையிலிருந்து தங்களிடம் திரும்புகிறோம். தாங்கள் விட்டுச் செல்லும் நாற்காலியில் அமரும் உதவியாளர், நாளை காலை நடைமுறைக்கு வரும்படி, தங்கள் கடைசிப் பட்டியலில் ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறார். தங்கள் கணவர் இனிமேல் இக்கரையில், பகல் முறையில், பழைய பம்புகளைப் பிற ஓட்டுநர்களுக்குக் கற்பிப்பார். இது சலுகை என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு நிலையம் ஒரே ஆளின் கைப்பழக்கத்தை நம்பி நிற்பது பெருங்குறை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் தாங்கள்தாம். அந்தக் குறையை நீக்கியதாகவே கோப்பில் எழுதியிருக்கிறோம். உண்மையான காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் இடம் விடப்படவில்லை.

ஆண்டுக்கு ஆண்டு அடுத்தவர் வீட்டு மாலைகளை அளந்து பங்கிட்டுத் தந்த தங்களுக்கு, அளவில்லாத மாலைகள் வாய்க்கட்டும். முழங்கால்கள் மாடிப்படிக்கு மறுப்புச் சொல்லாதிருக்கட்டும். பேசி முடிக்காத பேச்செல்லாம் பேசி முடியட்டும். முடிந்தபின் சண்டை போடவும் நேரம் மிச்சமிருக்கட்டும். உடல் நலமும் உள்ள நிறைவும் பெற்று, பல்லாண்டு வாழ்க! பரிசீலனையில் உள்ள புதிய பம்ப் வந்து சேரும் நாளையும் கண்டு வாழ்க! அதைவிட நீண்ட ஆயுளை வாழ்த்த எங்களுக்குத் தெரியவில்லை.

தங்கள் கணவரை இந்த விழாவுக்கு நேரில் போய் அழைத்தோம். மாற்று ஆள் போட்டாயிற்று, இன்று இரவே உங்களுக்கு ஓய்வுதான், வந்து முன்வரிசையில் அமருங்கள் என்றோம். வரவில்லை. “நான் அக்கரைக்குப் போனதிலேருந்து அவ பூட்டைத் திறந்துதான் வீட்டுக்குள்ள வர்றா. இன்னிக்கு நான் உள்ளே இருந்து திறக்கணும்” என்றார்.

ஆகவே விழாவை நீட்டாமல் இத்துடன் முடிக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் திட்டப் பிரிவினரும்,
அக்கரையின் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்ட ஓட்டுநர்களும்:
வடக்கு நிலையத்து இரட்டையரில் மூத்தவர்,
சந்தை நிலையத்துக் கண்ணாடிக்காரர்,
மீசை டிரைவர் (மதியமே கையொப்பமிட்டு, மாற்றுச் சட்டையுடன் அக்கரைப் பணிக்குப் போய்விட்டார்).