வெளியிலேருந்து ஆதரவு

அந்த ரிமோட்ட மட்டும் தொடாதீங்க தம்பி. குளுருதா? குளுரத்தான் செய்யும், பதினாறுல வச்சிருக்கான். ஆனா அது ஆட்சியில இருக்கவங்க கையிலதான் இருக்கணும். சிரிக்காதீங்க. இந்த ரூம்ல அதுதான் முதலமைச்சர் நாற்காலி.

பைய அப்படி வைங்க. டீய குடிங்க, ஆறிடும். ஊரு எது, பரமக்குடியா? நான் மன்னார்குடி பக்கம், வேலுச்சாமி. சவுதிக்கு, இந்த ஜுபைலுக்கு வந்து ஒம்போது வருசம், இதே கேம்ப்பு, இதே ரூம்பு.

இங்க பதினோரு பெட்டு. மாசா மாசம் மொத வெள்ளிக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் ஓட்டு. கை தூக்கணும். ஜெயிக்கிறவன் மெஸ் பொறுப்பு. என்ன கொழம்பு, பாத்திரம் யாரு கழுவறது, ஏசி எத்தன டிகிரி, எல்லாம் அவன் முடிவு. ஊர்ல ரெண்டு பெரிய கட்சி இருக்குல்ல, இங்கயும் அதேதான். மணிகண்டன் பக்கம் அஞ்சு பேரு, சாதிக் பாட்ஷா பக்கம் நாலு.

நாங்களா? நாங்க ரெண்டு பேரு. நானும் பாண்டித்துரை அண்ணனும். செங்கொடி. நான் கிளைச் செயலாளர், அவரு கிளை.

கூட்டிப் பாருங்க. நாலும் ரெண்டும் ஆறு. எங்க ரெண்டு கை இல்லாம சாதிக்கால ஒரு ரசம் வைக்க முடியாது. ஊர்லயும் அதான நடக்குது? ரெண்டு சீட்டு வச்சிருக்கவன் வீட்டு வாசல்லதான் பெரிய காரு வந்து நிக்கும். சாதிக்குக்கு ஆதரவு குடுத்தோம், வெளியிலேருந்து. பொறுப்பு எடுக்க மாட்டோம், அது கொள்கை. பாத்திரம் கழுவ மாட்டோம், அதுவும் கொள்கைதான். சாப்பாடு மட்டும் உள்ள வந்து சாப்புடுவோம்.

குறைந்தபட்ச பொதுத் திட்டம்னு காலண்டர் அட்டைக்குப் பின்னாடி எழுதி ஒட்டுனோம். ஏசி இருவத்துநாலு. வெள்ளிக்கிழமை மட்டன். மூணாவது, பாண்டித்துரை அண்ணன் சொன்னது. எவனுக்காவது ஒடம்பு முடியலன்னா அவன் தனியா போய் ஃபோர்மேன்ட்ட சொல்லக் கூடாது, பதினோரு பேரும் போய் நிக்கணும். தனியா போனா அந்தாளு மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டான், யல்லா ஜல்தின்னு சைட்டுக்குப் போற பஸ்ஸக் காட்டுவான். பதினோரு பேரு காலங்காத்தால லுங்கியோட நின்னா, கலாஸ், போதும், அவன படுக்கச் சொல்லு, நீங்க ஏறுங்கடாம்பான். எட்டு மாசத்துல நாலு தடவ நின்னோம், நாலு தடவையும் நடந்துச்சு.

ஆட்சி எப்படிக் கவுந்துச்சுன்னா, நான்தான் கவுத்தேன். சாதிக் ஆளுங்க அவங்க தலைவர் பொறந்தநாளுன்னு ஃப்ரிட்ஜ் கதவுல படத்த ஒட்டிட்டானுங்க. தண்ணி எடுக்கப் போனா கும்புடுறாரு, மோர் எடுக்கப் போனா கும்புடுறாரு. தனிநபர் துதி, கிழிங்கடான்னேன். கோவிக்காதீங்கண்ணே, கேசரி இன்னொரு கரண்டி வைக்கவாங்குறான் சாதிக். அண்ணன் சொன்னாரு, படம்தானய்யா, அது தானா உரிஞ்சுரும், மூணாவத விட்டுராதன்னு. நான் கேக்கல. கொள்கைன்னா கொள்கை, ஆதரவு வாபஸ்ன்னுட்டேன். ஓட்டன்னைக்கு நான் யாருக்கும் கை தூக்கல. அவரும் தூக்கல. கட்சிக் கட்டுப்பாடுன்னு சொல்லிட்டேன்ல.

அஞ்சுக்கு நாலு. மணிகண்டன் வந்தான். ஏசி பதினாறு ஆச்சு, அட்டை குப்பைக்குப் போச்சு. அவனவன் ஒடம்ப அவனவன் பாத்துக்கங்கன்னான். கெட்டவன் இல்ல, ஃபோர்மேன்னா அவனுக்கு பயம். படமா? அது மூணாம் நாளே உரிஞ்சு விழுந்துருச்சு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை தம்பி. மணிகண்டனுக்கு அஞ்சு. சாதிக்குக்கு நாலு, என்னையும் சேத்தா அஞ்சு. நீங்கதான் பதினோராவது. ஆமா, டீ அதுக்குத்தான், மறைப்பானேன். நீங்க எந்தக் கட்சின்னு நான் கேக்கல. தலைவர் படம் ஒட்டணுமா, நாலு சொவத்துலயும் ஒட்டுங்க, பசை நான் வாங்கித் தர்றேன். மூணாவது மட்டும் திரும்பி வரணும். இந்தத் தடவ பாத்திரமும் கழுவுறேன்னு சாதிக்கிட்ட சொல்லிட்டேன்.

பாண்டித்துரை அண்ணனா? அவரு ஊருக்குப் போயிட்டாரு. போன மாசம் ஒரு நாள் காலையில கை மரத்துப் போவுதுய்யான்னாரு. தனியாத்தான் போய்ச் சொன்னாரு. பஸ்ஸக் காட்டிட்டான். நானும் பக்கத்து சீட்டுலதான் ஒக்காந்து போனேன், வாயத் தொறக்கல. மத்தியானம் சைட்டுல விழுந்துட்டாரு. இப்ப வலது பக்கம் வராது, ராக்கம்மா அண்ணிதான் சோறு ஊட்டுது. நேத்து ஃபோன்ல பேசுனாரு, வாய் கொளறுது. என்ன கேட்டாருங்குறீங்க? ரூம்ல யாருய்யா ஆட்சின்னு. நம்ம ஆதரவுலதான்ணே ஓடுதுன்னு சொல்லிட்டேன்.

நீங்க படுங்க தம்பி. அது அவரு பெட்டுதான். மெத்தைய வெயில்ல போட்டு எடுத்து வச்சிருக்கேன்.